கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, இணைகோடு: சாய்வை எந்த வரிசையில் படித்தால் தடுமாறாது

தாராவியில் மாலை டியூஷனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். மகாராஷ்டிர போர்டில் சாய்வு பத்தாம் வகுப்புக் கணிதம் இரண்டாம் பாகத்தில் வந்துவிடும், சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குப் பதினொன்றில். எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் சூத்திரத்தில் யாரும் மாட்டுவதில்லை, அதை ஒரே நாளில் ஒப்பித்துவிடுகிறார்கள். மாட்டுவது படுத்த கோட்டிலும் (கிடைக்கோடு) நின்ற கோட்டிலும்தான் (செங்குத்துக்கோடு). இரண்டுக்கும் ஒரே விடையை எழுதுவார்கள், இல்லையென்றால் மாற்றி எழுதுவார்கள். அதற்குக் காரணம் கணக்கைவிட நம் பேச்சுத் தமிழில்தான் அதிகம் இருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. ஆரம்பிக்கும் முன் இருக்க வேண்டியவை

கிராஃப் தாள், ஸ்கேல், பென்சில், இரண்டு நிறப் பேனா. கிராஃப் தாள் இல்லாவிட்டால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும், ஆனால் கோடு போட்ட நோட்டில் மட்டும் வேண்டாம். கட்டத்தை எண்ணிப் பார்க்க முடியாவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி கண்ணுக்கே தெரியாது.

தெரிந்திருக்க வேண்டியது இரண்டு விஷயம். (3, 5) என்றால் முதல் எண் எக்ஸ், இரண்டாவது ஒய், அதாவது முதலில் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டு அப்புறம் மேலே ஏற வேண்டும். அடுத்தது குறை எண்ணைக் கழிப்பது: 3 − (−2) என்றால் 5, 1 இல்லை. சாய்வில் தப்பு வருகிறது என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் சாய்வு நன்றாகவே தெரியும், இந்தக் கழித்தல்தான் காலை வாரிவிடும். இதில் சந்தேகம் இருந்தால் பத்துக் கணக்கு போட்டுவிட்டு மேலே வாருங்கள்.

2. ‘சாய்வு’ என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

வீட்டில் நாம் எதைச் சாய்ந்திருக்கிறது என்று சொல்கிறோம்? சுவர் சாய்ந்திருக்கிறது, கம்பம் சாய்ந்துவிட்டது என்போம். அதாவது நேராக நிற்க வேண்டிய ஒன்று அந்த நிலையிலிருந்து விலகினால் அது சாய்வு. பேச்சுத் தமிழில் சாய்வை நாம் நின்ற நிலையிலிருந்து அளக்கிறோம்.

கணக்கில் அளப்பது படுத்த நிலையிலிருந்து. தரையிலிருந்து கோடு எவ்வளவு எழும்புகிறது என்பதுதான் கேள்வி. கரண்ட் கம்பத்தைக் காட்டி ‘இதன் சாய்வு என்ன?’ என்று கேட்டால் பிள்ளை ‘சாயவே இல்லையே, பூஜ்ஜியம்’ என்று சொல்லும். பேச்சுத் தமிழ்ப்படி அந்தப் பதில் சரி, அதற்காகத் திட்டாதீர்கள். அளக்கும் இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மனத்தில் ‘சாய்வு’ என்று வரும்போதெல்லாம் ‘ஏற்றம்’ என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தால் போதும். படுத்த கோட்டில் ஏற்றம் கிடையாது, அது பூஜ்ஜியம். கம்பத்தில் ஏற்றம் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு என்ன விடை என்பதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

இன்னொரு சொல்லும் குழப்பும். செங்குத்துக்கோடு என்றால் ஒய் அச்சு போல நிமிர்ந்து நிற்கும் கோடு, இதை நிலைக்குத்து என்றும் சொல்வார்கள். ‘ஒன்றுக்கொன்று செங்குத்து’ என்றால் இரண்டு கோடுகள் 90 பாகையில் வெட்டிக்கொள்கின்றன என்று பொருள், அந்தக் கோடுகள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்திருக்கலாம். வினாவில் எந்தச் செங்குத்து என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

3. இரண்டு கழித்தல், ஒரு வகுத்தல்

சாய்வு = ஒய் வித்தியாசம் ÷ எக்ஸ் வித்தியாசம்.

ஏன் ஒய் மேலே? ஒரு அடி பக்கவாட்டில் போனால் எத்தனை அடி ஏறுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் சாய்வு. ஏற்றத்தை நடந்த தூரத்துக்குப் பங்கு போடுகிறோம், எனவே பங்கு போடப்படும் ஏற்றம் மேலே வருகிறது. கர்ஜத்திலிருந்து லோனாவலாவுக்கு ரயில் ஏறும் ‘போர் காட்’ மலைப்பாதையில் மிகச் செங்குத்தான இடத்தை 37-க்கு 1 என்று சொல்வார்கள். 37 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் ஏற்றம், சாய்வு 1/37, ஏறத்தாழ 0.027. இவ்வளவுக்கே பின்னால் தள்ளுவதற்குக் கர்ஜத்தில் கூடுதல் எஞ்சின் மாட்டுகிறார்கள். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 12-க்கு 1, சாய்வு சுமார் 0.083. எண் பெரிதானால் ஏற்றம் கடுமை என்பது இதிலேயே பிடிபட்டுவிடும்.

இப்போது அ (2, 1), ஆ (6, 4) என்ற புள்ளிகளை எடுங்கள். முதலில் படத்தில் குறித்துவிட்டு, பிறகு கழியுங்கள்.

ஒய் வித்தியாசம்: 4 − 1 = 3
எக்ஸ் வித்தியாசம்: 6 − 2 = 4
சாய்வு: 3/4

மூன்று வரியாகத்தான் எழுத வேண்டும். ஒரே வரியில் எல்லாவற்றையும் பின்னமாக எழுதி முடிக்கும் பழக்கம் படுத்த கோட்டுக்கும் நின்ற கோட்டுக்கும் வரும்போது வினை ஆகும், ஏனென்றால் அங்கே பூஜ்ஜியம் மேலே வந்ததா கீழே வந்ததா என்பதுதான் விடையே.

வழக்கமான தப்பு: மேலே ஆ-விலிருந்து அ-வைக் கழித்துவிட்டு, கீழே அ-விலிருந்து ஆ-வைக் கழிப்பது. (1, 5), (4, −1) என்ற புள்ளிகளுக்குச் சரியான சாய்வு −6/3 = −2. மேலே மட்டும் மாற்றிக் கழித்தால் 6/3 = 2 என்று வரும். எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை, மேலேயும் கீழேயும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். படம் வரைந்திருந்தால் இந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும். இடமிருந்து வலம் போகும்போது கோடு இறங்குகிறது, அப்படியானால் குறை எண்தான் வர வேண்டும்.

4. படுத்த கோடு

(−2, 4), (5, 4). ஒய் வித்தியாசம் 0, எக்ஸ் வித்தியாசம் 7. சாய்வு 0/7 = 0.

ஏழு கட்டம் நடந்தோம், ஒரு கட்டம்கூட ஏறவில்லை. ஏழு பேருக்குப் பங்கு போட ஒன்றும் இல்லை, ஆளுக்குப் பூஜ்ஜியம். இது முழுசான விடை, பூஜ்ஜியமும் ஒரு எண்தான். கோடு எக்ஸ் அச்சுக்குக் கீழே ஓடினாலும் சாய்வு இதேதான். (−2, −4), (5, −4) என்று கொடுத்தால் சிலர் ஒய் குறையாக இருப்பதைப் பார்த்துச் சாய்வையும் குறை எண்ணாக எழுதுகிறார்கள். கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பது சாய்வுக்குத் தேவையில்லாத செய்தி.

5. நின்ற கோடு

இங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம்.

(3, −1), (3, 6). ஒய் வித்தியாசம் 7, எக்ஸ் வித்தியாசம் 0. இப்போது 7 ÷ 0 என்று வந்து நிற்கிறது.

ஏன் இதற்கு விடை இல்லை? 12 ÷ 4 = 3 என்றால் 4 × 3 = 12 என்று சரிபார்க்கலாம். 7 ÷ 0 என்பதற்கு ஏதோ ஒரு விடை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த எண்ணைப் பூஜ்ஜியத்தால் பெருக்கும்போது 7 வர வேண்டும். எந்த எண்ணைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான் வரும். அப்படி ஒரு எண்ணே கிடையாது. எனவே சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று எழுதுகிறோம்.

இதைச் சொல்லி முடித்த பிறகும் பிள்ளைகளின் முகம் தெளியாது. அதனால் நான் ஏணியைக் காட்டுவேன். எங்கள் பக்கத்து வீடுகளில் மாடிக்கு ஏறுவதற்குப் படிக்கட்டு கட்ட இடம் இருக்காது, சந்தில் சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு இரும்பு ஏணி நிற்கும். பிடித்து ஏற மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். குடத்தைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறிய பிள்ளைக்கு ஏற்றம் என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏணியின் மேல்முனை 240 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். ஏணியின் கால் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் சாய்வு 240/60 = 4. சந்தில் வண்டி போக இடம் வேண்டும் என்று காலை 30 செ.மீ.க்குத் தள்ளினால் 8. (காலைத் தள்ளும்போது மேல்முனையும் கொஞ்சம் உயரும், கணக்கு எளிதாக இருக்க அதை 240 என்றே வைத்துக்கொள்கிறேன்.) 10 செ.மீ. என்றால் 24. 1 செ.மீ. என்றால் 240. அரை செ.மீ. என்றால் 480. எண் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ஏணி சுவரோடு ஒட்டிவிட்டால் பங்கு போடுவதற்குத் தூரமே இல்லை.

‘அப்போது முடிவிலி என்று எழுதலாமே’ என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். போனில் இருக்கும் கால்குலேட்டரைப் பாகைக்கு மாற்றி டேன் (tan) 89 போடச் சொல்லுங்கள், 57.29 வரும். டேன் 91 போட்டால் −57.29 வரும். சாய்வு என்பது கோடு எக்ஸ் அச்சின் வலப்பக்கத்தோடு உண்டாக்கும் கோணத்தின் டேன் மதிப்புதான், எனவே கோடு இடப்பக்கமாக ஒரு நூலளவு சாய்ந்தால் மிகப் பெரிய குறை எண், வலப்பக்கமாகச் சாய்ந்தால் மிகப் பெரிய மிகை எண். நடுவில் நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்கு இரண்டில் எதைக் கொடுப்பது? எதையும் கொடுக்க முடியாது. 

0/0 வந்தால்? அப்போது ஒரே புள்ளியை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போகும், அதனால் சாய்வைக் கேட்பதற்கே இடமில்லை. வினாவைத் திரும்பப் படியுங்கள், எண்ணைத் தப்பாக எடுத்து எழுதியிருப்பீர்கள்.

6. ‘சாய்வு இல்லை’ என்று எழுதவே எழுதாதீர்கள்

நான் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த புதிதில் நானே போர்டில் இப்படி எழுதியிருக்கிறேன். படுத்த கோட்டுக்கு ‘சாய்வு இல்லை’ என்று எழுதினேன், ஏற்றம் கிடையாது என்ற பொருளில். அடுத்த நாள் நின்ற கோட்டுக்கும் ‘சாய்வு இல்லை’ என்று எழுதினேன், அப்படி ஒரு எண் கிடையாது என்ற பொருளில். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து ‘அண்ணா, ரெண்டும் ஒண்ணுதானா?’ என்று கேட்டாள். அவள் நோட்டில் இரண்டு நாள் பாடமும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே சொல்லில் இருந்தது.

‘கையில் காசு இல்லை’ என்பதும் ‘அந்தப் பெயரில் இங்கே ஆள் இல்லை’ என்பதும் ஒரே ‘இல்லை’யா? முதலாவதில் காசை எண்ணிப் பார்த்தோம், பூஜ்ஜியம் வந்தது. இரண்டாவதில் எண்ணுவதற்கே ஒன்றும் கிடையாது. எனவே நோட்டில் இரண்டே சொற்றொடர்தான்: ‘சாய்வு பூஜ்ஜியம்’, ‘சாய்வு வரையறுக்கப்படவில்லை’. வாயால் சொல்லும்போதும் முழுசாகச் சொல்லவையுங்கள்.

7. சமன்பாடு எழுதும்போது: எது மாறவில்லை என்று கேளுங்கள்

படுத்த கோடு எக்ஸ் அச்சுக்கு இணை, எனவே அதன் சமன்பாடு எக்ஸ் என்று தொடங்கும் என்று நினைத்து எக்ஸ் = 4 என்று எழுதுவது மிகச் சாதாரணமாக வரும் தப்பு. இதைத் தவிர்க்க, கோட்டில் உள்ள நாலு புள்ளிகளை எழுதுங்கள்:

(−2, 4), (0, 4), (1, 4), (5, 4)

எது மாறாமல் இருக்கிறது? ஒய். எனவே சமன்பாடு ஒய் = 4. நின்ற கோட்டில் (3, −1), (3, 0), (3, 2), (3, 6), இங்கே மாறாதது எக்ஸ், எனவே எக்ஸ் = 3. சமன்பாடு என்பது அந்தக் கோட்டில் இருக்கும் எல்லாப் புள்ளிகளும் கட்டுப்படும் விதி, அவ்வளவுதான். எக்ஸ் அச்சின் சமன்பாடு ஒய் = 0 என்பதும் இதே காரணத்தால்தான், எல்லோரும் தலைகீழாக எழுதும் இடம் அது.

8. இணைகோடுகள்

இரண்டு கோடுகள் இணை என்றால் ஏன் சாய்வு சமமாக இருக்க வேண்டும்? ஒய் = 2எக்ஸ் + 3, ஒய் = 2எக்ஸ் − 1 என்ற இரண்டையும் எடுங்கள். எக்ஸ் 0 ஆகும்போது ஒய் 3, −1. எக்ஸ் 1 ஆகும்போது 5, 1. எக்ஸ் 10 ஆகும்போது 23, 19. எப்போதும் இடைவெளி 4. இரண்டும் ஒரு அடிக்கு இரண்டு அடி ஏறுகின்றன, அதனால் மேலே இருப்பதைக் கீழே இருப்பது பிடிக்கவே முடியாது. லோக்கல் ரயில் தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 1,676 மி.மீ. இடைவெளி இருப்பதும் அது மாறாமல் இருக்கும் வரைதான் வண்டி ஓடும் என்பதும் இதே சங்கதி. ஒன்றின் சாய்வு 2, மற்றதன் சாய்வு 2.01 என்று இருந்தால்கூட எங்கேயோ தொலைவில் இரண்டும் சந்தித்துவிடும்.

செய்முறை இப்படி. முதல் கோடு (1, 2), (4, 8) வழியாகப் போகிறது, சாய்வு 6/3 = 2. இரண்டாவது (0, 3), (5, 13) வழியாகப் போகிறது, சாய்வு 10/5 = 2. சாய்வு சமம்.

பெரும்பாலோர் இங்கேயே ‘இணை’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது: இரண்டும் ஒரே கோடாக இருந்தால்? ஒரு கோட்டிலிருந்து ஒரு புள்ளி, மற்றதிலிருந்து ஒரு புள்ளி எடுத்து அவற்றுக்கிடையே சாய்வு பாருங்கள். (1, 2), (0, 3): சாய்வு 1/−1 = −1. 2 வரவில்லை, எனவே வேறு வேறு கோடுகள், இணைதான். இரண்டாவது கோட்டுக்கு (2, 4), (6, 12) என்று கொடுத்திருந்தால் அதன் சாய்வும் 8/4 = 2, ஆனால் (1, 2)-க்கும் (2, 4)-க்கும் இடையிலும் 2 வந்துவிடும். அது அதே கோடு. மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் அமைகின்றனவா என்ற வினாவுக்கும் இதே உத்திதான், தனியாகப் படிக்க வேண்டாம்.

நின்ற கோடுகளை மறந்துவிடாதீர்கள். எக்ஸ் = 2, எக்ஸ் = −5 இரண்டும் இணைகோடுகள், ஆனால் இரண்டுக்கும் சாய்வு வரையறுக்கப்படவில்லை, ஒப்பிடுவதற்கு எண்ணே கிடையாது. ‘வரையறுக்கப்படவில்லை = வரையறுக்கப்படவில்லை’ என்று சமக்குறி போட்டு ஒரு பையன் எழுதியிருந்தான். இல்லாத இரண்டு எண்களைச் சமன்படுத்த முடியாது. ‘இரண்டும் ஒய் அச்சுக்கு இணை, எனவே ஒன்றுக்கொன்று இணை’ என்று எழுதுங்கள். அதே மாதிரி படுத்த கோடும் நின்ற கோடும் ஒன்றுக்கொன்று செங்குத்துதான், ஆனால் ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும் என்ற விதியை அங்கே போட முடியாது, படத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

9. சமன்பாடு கொடுத்துச் சாய்வு கேட்டால்

2எக்ஸ் + 3ஒய் = 6. சாய்வு 2 என்று எழுதிவிடாதீர்கள். எக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் சாய்வாக இருப்பது ஒய் தனியாக நிற்கும்போது மட்டும்தான். முதலில் ஒய்யைத் தனியாக்குங்கள்: 3ஒய் = −2எக்ஸ் + 6, பிறகு ஒய் = −(2/3)எக்ஸ் + 2. சாய்வு −2/3.

4எக்ஸ் + 6ஒய் = 20 என்பதையும் இப்படியே மாற்றினால் சாய்வு −4/6, அதாவது −2/3, கடைசி எண் 10/3. சாய்வு சமம், ஒய் அச்சை வெட்டும் இடம் வேறு (முதலாவதில் 2, இரண்டாவதில் 10/3), எனவே இணை. 4எக்ஸ் + 6ஒய் = 12 என்று கொடுத்திருந்தால் வெட்டும் இடமும் 2 ஆகிவிடும், அது முதல் கோடேதான்.

தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினாவும் இங்கேதான் வரும். (கே, 3), (2, 9) வழியாகப் போகும் கோடு ஒய் = 2எக்ஸ் + 1 என்பதற்கு இணை, கே என்ன? கொடுத்த கோட்டின் சாய்வு 2, எனவே 6/(2 − கே) = 2. அப்படியானால் 2 − கே = 3, கே = −1. விடையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: (−1, 3), (2, 9), சாய்வு 6/3 = 2. சரி.

10. போட்டுப் பார்க்க

விடை கீழேயே இருக்கிறது, கையால் மூடிக்கொண்டு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் படம்.

(அ) (−4, 7), (−4, −2) வழியாகப் போகும் கோட்டின் சாய்வு, சமன்பாடு.
(ஆ) (6, −3), (−1, −3) வழியாகப் போகும் கோட்டின் சாய்வு, சமன்பாடு.
(இ) (0, 1), (3, 7) வழியாக ஒன்று, (2, 0), (5, 6) வழியாக ஒன்று. இணையா?
(ஈ) 3எக்ஸ் − ஒய் = 4, 6எக்ஸ் − 2ஒய் = 8. இணையா?
(உ) (1, 2), (5, 4), (6, 7), (2, 5) என்ற வரிசையில் சேர்த்தால் இணைகரமா?

(அ) எக்ஸ் வித்தியாசம் 0, சாய்வு வரையறுக்கப்படவில்லை, எக்ஸ் = −4. (ஆ) சாய்வு பூஜ்ஜியம், ஒய் = −3. (இ) இரண்டுக்கும் சாய்வு 2, (0, 1)-க்கும் (2, 0)-க்கும் இடையில் −1/2, எனவே இணை. (ஈ) இரண்டையும் மாற்றினால் ஒய் = 3எக்ஸ் − 4 என்றே வரும், ஒரே கோடு. (உ) எதிரெதிர்ப் பக்கங்களின் சாய்வு 1/2, 1/2, 3, 3. இணைகரம்தான்.

(ஈ)-யில் ‘இணை’ என்று எழுதியிருந்தால் எட்டாம் படியில் ‘ஒரே கோடா’ என்று பார்க்கும் சோதனையை விட்டிருக்கிறீர்கள். (அ)-வில் 0 என்று எழுதியிருந்தால் மூன்று வரியாக எழுதாமல் ஒரே மூச்சில் போட்டிருப்பீர்கள், மூன்றாம் படிக்குப் போய் அதே கணக்கை மூன்று வரியாகப் போடுங்கள்.